கூகுள்ல முதல் இடம் விற்பனைக்கு இல்லை

"உங்கள் வெப்சைட்டை 30 நாளில் கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம், கேரண்டி." எஸ்.இ.ஓ., அதாவது தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலை, செய்து தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வராத வாரமே இல்லை. சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் இதை நம்பி மாதாமாதம் பணம் கட்டுவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அதனால் பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேடல் முடிவில் முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. "கூகுளில் எங்களுக்குத் தனி செல்வாக்கு உண்டு" என்கிறவர்களிடம் உஷாராக இருங்கள் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. காசு கொடுத்து மேலே வருவது விளம்பரம். 'ஸ்பான்சர்டு' என்று மேலேயே போட்டிருக்கும், காசு நின்றால் அதுவும் நின்றுவிடும். விளம்பரத்துக்கு எத்தனை லட்சம் கொட்டினாலும் கீழே வரும் சாதாரண முடிவுகளில் ஒரு படி ஏற முடியாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியே பாதிப் பேர் பிழைப்பு நடத்துகிறார்கள்.

கோவையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் கிரைண்டர் கடை வைத்திருக்கிறார். விற்பனையும் உண்டு, சர்வீஸும் உண்டு. அவரும் இப்படி ஓர் ஏஜென்சிக்கு மாதாமாதம் கட்டுகிறவர்தான். "மாசமானா ரிப்போர்ட் கரெக்டா அனுப்பிர்றாங்க தம்பி. பன்னெண்டு கீவேர்டுல பர்ஸ்ட் பேஜ்ல இருக்கறமாம். போன் மட்டும் வரமாட்டீங்குது" என்றார்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். கீவேர்டு என்றால் ஆட்கள் தேடுகிற சொல். பன்னிரண்டில் பாதி, கடைப் பெயரைச் சேர்த்த சொற்கள். கடைப் பெயரை அடித்துத் தேடினால் அந்தக் கடை வராமல் வேறு யார் வருவார்கள்? மீதியெல்லாம் 'பெஸ்ட் ஹை குவாலிட்டி வெட் கிரைண்டர் மேனுஃபாக்சரர் அண்ட் சப்ளையர் இன்' என்று ஆரம்பித்து, ஏதோ ஒரு நகர் பெயரில் முடிகிற நீள வால்கள். இட்லிக்கு மாவு ஆட்ட வேண்டிய எந்த மனுஷியும் இப்படித் தேடமாட்டார். ஆளே ஓடாத பந்தயத்தில் முதல் பரிசு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இல்ல தம்பி, நானே தேடிப் பார்த்தேன், நம்ம கடைதான் மேல வருது" என்று கடைக்குள்ளேயே உட்கார்ந்து போனில் தேடியும் காட்டினார். வரத்தான் செய்யும். இந்த மாதிரி உள்ளூர்த் தேடலுக்கு கூகுள் முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயங்கள்: கேட்டதற்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த அளவுக்குப் பெயர் தெரிந்த இடம். கல்லாவில் உட்கார்ந்து தேடினால் தூரம் பூஜ்ஜியம். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அவர் தங்கைக்குப் போன் போட்டு அதே வார்த்தையைத் தேடச் சொன்னோம். நாலு பக்கம் தள்ளிப் பார்த்தும் கடையைக் காணோம்.

அப்புறம்தான் சைட்டையே திறந்தேன். முகப்பில் ஓடுகிற மூன்று போஸ்டர் படங்கள். விலை, மாடல், வாரண்டி எல்லாமே அந்தப் படத்துக்குள். கீழே "வெல்கம் டு அவர் வெப்சைட், வி ஆர் ஒன் ஆஃப் த லீடிங்..." என்று நாலு வரி. அவ்வளவுதான்! எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தலைப்பு 'ஹோம்' என்றே இருந்தது. தேடல் முடிவில் நீல எழுத்தில் வருகிற வரி பெரும்பாலும் அந்தத் தலைப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பதைச் சைட் கட்டியவர் சொல்லவும் இல்லை, மாதக் கட்டணம் வாங்குகிறவர் கவனிக்கவும் இல்லை.

உங்கள் சைட்டை இப்போதே போனில் திறந்து எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். வார்த்தையைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்ய முடிந்தால் அது எழுத்து. முடியாவிட்டால் பெரும்பாலும் அது படம். முக்கியமான விஷயத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள், எழுத்தாகவே போடுங்கள் என்பது கூகுளின் ஆலோசனையும்கூட. தமிழில் இதற்கு இன்னொரு கிளைக்கதை உண்டு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2000-களின் தொடக்கத்தில் பல தமிழ்த் தளங்கள் தனி எழுத்துருக்களில்தான் ஓடின. பாமினி என்கிற அப்படியொரு எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. அப்படி எழுதி மாற்றாமல் விட்டதெல்லாம் இன்றைக்கும் தேடினால் கிடைக்காமல் கிடக்கிறது. டிசைன் செய்கிற தம்பிகள் பாமினியில் அடித்ததை இப்போதும் அப்படியே சைட்டில் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்னதான் எழுதுவது? அண்ணன் கேட்டதும் இதைத்தான். அதற்குள் கடை போன் அடித்தது. யாரோ ஓர் அம்மா: "டிரம் சுத்த மாட்டீங்குதுங்க, சத்தம் மட்டும் வருது, பெல்ட் போயிருச்சுங்களா?" அண்ணன் என்ன சத்தம், எப்போதிருந்து, எவ்வளவு அரிசி போட்டீர்கள் என்று விசாரித்து, பெல்ட்டா மோட்டாரா என்று போனிலேயே பிரித்துச் சொல்லி முடித்தார். எனக்கு அந்த இடத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. இவ்வளவு விவரம் இவர் வாயில் இருக்கிறது, சைட்டில் ஒரு வரி இல்லை.

நாள் பூராவும் அவருக்கு வருகிற கேள்விகளை எழுதச் சொன்னேன். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு லிட்டர் போதுமா? டில்டிங் வாங்கலாமா, சாதா போதுமா? புதுக் கல்லை எப்படிப் பழக்குவது? கல்லு எப்போது கொத்த வேண்டும்? இதிலெல்லாம் எனக்குப் பிடித்தது ஒன்று: "பொண்ணு அமெரிக்காவுல இருக்கா, இங்கிருந்து வாங்கி அனுப்பினா ஓடுமா?" நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதற்கென்று இருக்கிற மாடலை கடைக்காரர்கள் '110 வோல்ட் கிரைண்டர்' என்பார்கள், தேடுகிறவர்களும் அப்படியேதான் தேடுவார்கள். இந்த ஒரு கேள்விக்கு ஒரு தனிப் பக்கம், தெளிவான தலைப்பு, அவர் போனில் சொல்கிற அதே பதில், இரண்டு சொந்தப் போட்டோ. எஸ்.இ.ஓ. என்பதில் பெரும்பங்கு இவ்வளவுதான் என்பது என் கட்சி. 'கிரைண்டர்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு அவர் ஜென்மத்துக்கும் மேலே வரப் போவதில்லை, அங்கே பெரிய ஆன்லைன் கடைகள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே போய் முட்டிக்கொள்ளவும் தேவையில்லை.

குறுக்கு வழிகளுக்கு என்ன கதி ஆனது என்பது ஊரறிந்த கதை. 2006-ல் ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ தளம், தேடுபொறிக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம் என்று காட்டியதற்காக கூகுள் அதைத் தூக்கி வெளியே போட்டது. பக்கத்தின் கோடுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சொற்களை எழுதி வைக்கிற கீவேர்டு மெட்டா டேக்கை ரேங்கிங்குக்கு, அதாவது வரிசைப்படுத்த, பார்ப்பதே இல்லை என்று 2009-ல் அறிவித்தார்கள். இன்றைக்கும் அதை நிரப்பிவிட்டு பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்! 2011-ல் பாண்டா என்ற கூகுள் அப்டேட் வந்து சரக்கில்லாத பக்கங்களை அடித்தது, 2012-ல் பெங்குயின் என்ற இன்னொன்று வந்து, காசு கொடுத்து வாங்கிய பேக்லிங்க்குகளை, அதாவது மற்ற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளை, அடித்தது. இப்போது ஏ.ஐ.யை விட்டு ஒரே நாளில் ஐந்நூறு கட்டுரை இறக்குகிறோம் என்கிறார்கள். ரேங்கிங்குக்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களை, யார் எழுதினாலும் எது எழுதினாலும், ஸ்பேம் என்றே எடுத்துக்கொள்வோம் என்று 2024 மார்ச்சில் கூகுள் விதியில் சேர்த்துவிட்டது.

எஸ்.இ.ஓ. செய்கிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆள் முதல் நாளிலேயே சைட்டின் வயிற்றைத் திறந்து பார்ப்பார். சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்' என்று ஒரு டிக் இருக்கிறது. சைட் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்காமலே வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் உண்டு, மேலே எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் வீண். அதேபோல கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம். என்ன வார்த்தை தேடியபோது உங்கள் சைட் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை முறை கிளிக் செய்து உள்ளே வந்தார்கள் என்று கூகுளே அதில் காட்டிவிடும். ஏஜென்சி ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அதைப் பாருங்கள். மேப்பில் கடை விவரம், திறக்கும் நேரம், போட்டோ எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதும் அரை மணி நேர வேலை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பொறுமை வேண்டும். பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகலாம் என்பது கூகுள் தரப்பே சொல்லும் கணக்கு. போதாக்குறைக்கு 2024-லிருந்து இந்தியாவிலும் மேலேயே ஏ.ஐ. சுருக்கம் வருகிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே வராமலே போகிறவர்களும் இருப்பார்கள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் 110 வோல்ட் பக்கம் போட்ட பிறகு, அண்ணனுக்கு நியூஜெர்ஸியிலிருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் வந்து பார்சல் சார்ஜ் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். பேக்லிங்க் வாங்கி அந்த அம்மாவைக் கூட்டிவந்திருக்க முடியாது.

ஒன்று மட்டும் உடனே பாருங்கள். டொமைன், அதாவது உங்கள் சைட்டின் முகவரி, யார் பெயரில், யார் ஈமெயிலில் இருக்கிறது? அண்ணன் கடையுடையது, எப்போதோ சைட் கட்டிக் கொடுத்த ஒரு பையனின் மெயிலில் இருக்கிறது. பையன் பெங்களூரு போய்விட்டான், பழைய நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். ரினியூவல் அடுத்த மாசம். நாங்கள் இரண்டு பேரும் இப்போது அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.