'லேசான' பிளேக்

காசிமேட்டுப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு நெறி கட்டுவது புதுசில்லை. மீன் முள் குத்தும், காலில் சீழ் பிடிக்கும், ரெண்டு நாளில் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. "லேசா காய்ச்சல்ணா, மாத்திரை குடு" என்பார்கள். புண் ஆறினால் பெரும்பாலும் கட்டியும் வடிந்துவிடும். ஆனாலும் அந்த 'லேசா' எனக்கு ஆகாது.

பிளேக்கிலேயே இப்படி ஒரு வகை உண்டு. பழைய டாக்டர்கள் 'பெஸ்டிஸ் மைனர்', அதாவது சின்ன பிளேக் என்றார்கள். ஆள் படுக்காமல் நடமாடினால் 'பெஸ்டிஸ் ஆம்புலன்ஸ்', அதாவது நடமாடும் பிளேக். கொஞ்சம் காய்ச்சல், ஒரு நெறிக்கட்டி, சில நாளில் அமுங்கும் அல்லது பழுத்து உடையும். 1877-ல் ருஷ்யாவின் அஸ்திரகான் பக்கம் கட்டியும் காய்ச்சலுமாக இப்படி ஒன்று பரவியது. பெரிதாகச் சாவு இல்லை. மறுவருஷக் கடைசியில் அதே மாகாணத்து வெத்லியாங்கா கிராமத்தில் பிளேக் கொத்துக்கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனது.

கிருமியையே 1894-ல்தான் ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்தார். அதுவரை கண்ணும் கையும்தான் பரிசோதனைக்கூடம். அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. மாலுமிகளுக்கு வரும் தொடை இடுக்குக் கட்டியையும் பெஸ்டிஸ் மைனர் கணக்கில் சேர்க்கப் பார்த்தார் ஜேம்ஸ் கேன்ட்லி என்ற பிரிட்டிஷ் டாக்டர். பிற்பாடு அது உடலுறவால் தொற்றும் வேறு நோய் என்று தெரிந்தது. நோயாளி எவ்வளவு துவண்டிருக்கிறார் என்பதை வைத்து நோய்க்குப் பேர் வைத்தால் இப்படித்தான், எதையும் அதில் போடலாம். நிஜமான பிளேக் கட்டி ஒன்று இருந்தால், அது தானாக அமுங்கினாலும், அந்தத் தெருவில் கிருமியுள்ள எலியும் தெள்ளுப்பூச்சியும் இருக்கலாம் என்று அர்த்தம். கவனிக்க வேண்டியது அதை.

சென்னைக்கு அதிர்ஷ்டம். 1896-ல் பம்பாயிலும் 1898-ல் பெங்களூரிலும் ஆடிய பிளேக், துறைமுகமும் தானியக் கிடங்கும் எலியுமாக இருந்த நம்ம ஊரில் அந்த அளவு ஆடவில்லை. இங்கத்திய எலிகளில் பெரும்பாலும் இருந்தது 'அஸ்தியா' வகைத் தெள்ளு, பிளேக்கைப் பரப்புவதில் அது மந்தம் என்று கொழும்பில் ஆராய்ந்த ஹிர்ஸ்ட் காரணம் சொன்னார். தெள்ளு போட்ட பிச்சையா என்று கேட்டால், கொஞ்சம் அப்படித்தான்.

இன்றைக்கு இங்கே பிளேக் இல்லை, சரி. மழைத்தண்ணி தேங்கி வடிந்த பிறகு வரும் எலிக்காய்ச்சல் இருக்கிறதே, அதுவும் 'லேசா'தான் ஆரம்பிக்கும். அதனால் நான் மாத்திரையை எடுப்பதற்கு முன் கேட்பேன்: எத்தனை நாளா? தண்ணியில நடந்தியா? வீட்ல வேற யாருக்காவது? பதில் சரியில்லை என்றால் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். சிலர் முறைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். போகட்டும்.