ஆக்சிஜன் வந்துட்டா போதுமா, கடல் விட வேணாமா?

"ஆதிகாலத்துல ஆக்சிஜன் வந்துச்சு, அதனால பெரிய உயிரினங்க வந்துச்சு." எந்த அறிவியல் வீடியோவைத் தொறந்தாலும் இந்த ரெண்டு வரிலயே கதைய முடிச்சிடறாங்க, ஏதோ சுவிட்ச் போட்டதும் லைட் எரிஞ்ச மாதிரி. பாக்கும்போதெல்லாம் கடுப்பாகுது. காத்துல ஆக்சிஜன் ஏற ஆரம்பிச்சது சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி. கண்ணால பாக்கற சைஸ்ல, விலங்குன்னு ஓரளவுக்காவது சொல்லக்கூடிய உடம்புங்க பாறைல தடம் விட்டது 57 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான். நடுவுல இருக்கற 180 கோடி வருஷத்துக்கு யாரு பதில் சொல்றது? டைனோசர் அழிஞ்சதுல இருந்து இன்னிக்கு வரைக்குமே மொத்தம் 6.6 கோடி வருஷந்தான் ஆகுது, அத வச்சுப் பாத்துக்கோங்க.

நான் என்ன சொல்றேன்னா, காத்துல எவ்ளோ ஆக்சிஜன் இருந்துச்சுன்னு மட்டும் பாத்தா இந்தக் கதை புரியாது, கடல் தண்ணில என்னென்ன கரைஞ்சு கெடந்துச்சுன்னு பாக்கணும்.

மொதல்ல இரும்பு. அன்னிக்கு கடல்ல ஆக்சிஜன் இல்லாததால கடலடி வெந்நீர் ஊத்துல இருந்து வந்த இரும்பு அப்படியே தண்ணில கரைஞ்சு கெடந்துச்சு. சயனோபாக்டீரியாங்கற ஒளிச்சேர்க்கை பண்ற நுண்ணுயிர் வெயில வச்சு ஆக்சிஜன் விட ஆரம்பிச்சதும் அது நேரா போய் இந்த இரும்போட ஒட்டிக்கிட்டு, கரையாத துருவா மாறி அடில படிஞ்சுது. மேற்கு ஆஸ்திரேலியாவுல ஹாமர்ஸ்லி பகுதில இந்தப் பாறைய இன்னிக்கும் பாக்கலாம், ஒரு பட்டை செவப்பு, ஒரு பட்டை இரும்பு மாதிரி சாம்பல் நிறம், மறுபடி செவப்புன்னு, சில எடத்துல ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது ஒவ்வொரு பட்டையும், அப்படியே நூத்துக்கணக்கான மீட்டர் கனத்துக்கு அடுக்கி வச்சிருக்கு. (ஆக்சிஜன் இல்லாமலே வெளிச்சத்த வச்சு இரும்பத் துருவாக்கற பாக்டீரியாவும் உண்டு, அதனால முழுக்க ஆக்சிஜன் கணக்குல எழுதிடவும் முடியாது.)

சரி, 240 கோடின்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. கந்தகம் காட்டிக் குடுத்துச்சு. காத்துல ஆக்சிஜன் இல்லன்னா ஓசோனும் இருக்காது, புற ஊதாக் கதிர் நேரா எறங்கி எரிமலைல இருந்து வந்த கந்தக வாயுவ ஒடைக்கும், அப்போ கந்தக ஐசோடோப்புகளோட (ஒரே தனிமம், அணுவோட எடை மட்டும் வேற) விகிதம் வழக்கத்துக்கு மாறா விசித்திரமா வரும். 2000ல ஃபார்குவாருங்கற விஞ்ஞானியோட குழு பழைய பாறைகள்ல இந்தத் தடயத்தக் கண்டுபிடிச்சாங்க, அந்த 240 கோடி வாக்குல அது காணாமப் போயிடுது. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச ஆதாரம் இதுதான், கேஸ் முடிஞ்சு இத்தன கோடி வருஷம் கழிச்சு சாட்சி கூண்டுல ஏறுது.

இதுக்கப்புறந்தான் சிக்கலே. காத்துல ஆக்சிஜன் ஏறினதும் நிலத்துல இருந்த கந்தகக் கனிமங்கள் கரைஞ்சு சல்ஃபேட்டுங்கற கந்தக உப்பா ஆத்து வழியா கடலுக்குப் போச்சு. ஆக்சிஜன் எட்டாத ஆழத்துல இருந்த பாக்டீரியா அத ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்திடுச்சு, அழுகின முட்டை நாத்தம் வருமே, அதேதான். இன்னிக்குக் கருங்கடல்ல ஒரு 150, 200 மீட்டருக்குக் கீழ போனா இந்த நெலமதான், மீன் வாழ முடியாது. ஆதிக்கடலோட ஆழம் முழுக்க இப்படி இருந்திருக்கும்னு 1998ல கேன்ஃபீல்டுங்கற விஞ்ஞானி சொன்னாரு. பின்னாடி வந்த ஆராய்ச்சி அத கொஞ்சம் திருத்திச்சு, ஆழத்துல பெரும்பாலும் இரும்புத் தண்ணியேதான், கந்தகத் தண்ணி கரையோரமா நடு ஆழத்துலன்னு.

கரையோரம்தானேன்னு விட முடியாது, அங்கதான் விஷயமே இருக்கு. கந்தகத் தண்ணில மாலிப்டினங்கற உலோகம் கரைஞ்சு நிக்காது, அடிக்குப் போயிடும். காத்துல இருக்கற நைட்ரஜன உயிருக்கு ஒதவற மாதிரி மாத்தற என்சைமுக்கு அந்த மாலிப்டினம் வேணும். ஆக நைட்ரஜனுக்குப் பஞ்சம்னு ஆன்பார், நோல்ங்கற ரெண்டு விஞ்ஞானிங்க 2002ல வாதம் வச்சாங்க. இன்னொரு பக்கம் பாசிக்குச் சத்தான பாஸ்பரஸ இரும்பு இழுத்துட்டுப் போயிடுது. சாப்பாடு இல்லன்னா பாசி வளராது, பாசி வளரலன்னா ஆக்சிஜன் ஏறாது, ஆக்சிஜன் ஏறலன்னா கடல் மாறாது. இந்தச் சுத்துல மாட்டிக்கிட்டுத்தான் கிட்டத்தட்ட நூறு கோடி வருஷம் ஓடியிருக்கு. அதுக்கு 'போரிங் பில்லியன்'னு, அதாவது சலிப்பூட்டற நூறு கோடின்னு பேர் வேற. அநியாயம். கனடா ஆர்க்டிக்ல கெடச்ச பாங்கியோமார்ஃபாங்கற செம்பாசிக்கு வயசு சுமார் 105 கோடி, பல செல் உள்ள உடம்பு, பால் இனப்பெருக்கத்துக்கான அடையாளம் வேற இருக்கு. பசிலயும் உயிர் சும்மா இருக்கல.

அப்புறம் சுமார் 72 கோடில இருந்து 63.5 கோடி வருஷத்துக்குள்ள ரெண்டு தடவ பூமி கிட்டத்தட்ட மொத்தமும் ஒறஞ்சு உருகுச்சு. பனிப்பாறை அரைச்ச கல்லுல இருந்து பாஸ்பரஸ் கடலுக்கு வந்திருக்கும்னு சொல்றாங்க. பழைய பாறைல மிஞ்சின கொழுப்பு மூலக்கூறுகள வச்சு 2017ல பிராக்ஸ் குழு காட்டினது, ரெண்டு ஒறைபனிக்கும் நடுவுலதான் பாக்டீரியாவ ஒதுக்கிட்டு பாசிங்க தலையெடுக்குது. கனடாவோட நியூஃபவுண்ட்லேண்டுல மிஸ்டேக்கன் பாயிண்ட்ங்கற எடத்துப் பாறைல இருக்கற எலை மாதிரி உடம்புங்க அதுக்கும் பின்னாடி, வெளிச்சம் எட்டாத ஆழக் கடல் தரைல, அங்க ஆக்சிஜன் எட்டின சமயத்துல வருது.

"அப்போ கடைசில ஆக்சிஜன்தானே காரணம்?"னு கேக்கலாம். ஓரளவுக்கு ஆமா. விலங்கோட உடம்பக் கட்டிப் பிடிக்கற கொலாஜன்ங்கற புரதத்தச் செய்ய ஆக்சிஜன் வேணும், ஒரே ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறு கட்ட 11 ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகுது. ஆனா எவ்ளோ வேணுங்கறதுதான் கேள்வி. 2014ல டென்மார்க்ல ஒரு கடற்பஞ்ச தொட்டில வச்சு ஆக்சிஜனக் கொறச்சுக்கிட்டே போய்ப் பாத்தாங்க. இன்னிக்கு இருக்கற அளவுல வெறும் 0.5–4 சதவீதமா எறக்கியும் அது பாட்டுக்கு உயிரோட இருந்துச்சு. அப்போ எளிமையான விலங்கு வாழ அந்தச் சொற்ப அளவே போதும். ஓடித் தொரத்தித் திங்கறவனுக்குத்தான் பத்தாது. இன்னிக்கும் கடல்ல ஆக்சிஜன் ரொம்பக் கம்மியான எடங்கள்ல புழுக்களோட வகையும் கம்மி, அதுல வேட்டையாடறது இன்னும் கம்மின்னு 2013ல ஸ்பெர்லிங் குழு காட்டினாங்க. வேட்டைக்காரன் வந்தாத்தான் ஓடு வேணும், கண்ணு வேணும், பொந்து தோண்டணும். அடுத்து வந்த கேம்பிரியன்ங்கற காலத்துல அவ்வளவும் மளமளன்னு வந்ததுக்கு இந்த விளக்கம்தான் எனக்குச் சரியாப் படுது.

அதுக்கப்புறமாவது கடல் அடங்குச்சான்னா, அதுவும் இல்ல. கேம்பிரியன் கடைசில, சுமார் 50 கோடி வருஷத்துக்கு முன்னாடி, கந்தகத் தண்ணி மறுபடியும் பரவினதுக்கான தடயம் பாறைல இருக்கு, அதே சமயத்துலதான் ட்ரைலோபைட்டுங்கற ஓடு போட்ட கடல் பிராணிங்க கொத்துக் கொத்தா அழிஞ்சிருக்கு. ஆழ்கடலுக்கு நெலையா ஆக்சிஜன் கெடைக்க இன்னும் ஒரு பத்து கோடி வருஷம் ஆச்சுன்னு சொல்ற ஆராய்ச்சியும் இருக்கு.