லலாரியாவிலிருந்து நான் ஏன் கல் எடுத்து வரவில்லை

லலாரியா கடற்கரைப் படங்களைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "அந்த வெள்ளைக் கல்லுல ஒண்ணு எடுத்துட்டு வரலையா?" வரவில்லை. ஆளுக்கு ஆள் தனியாகக் காரணம் சொல்லி மாளாது என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

லலாரியா, கிரீஸில் ஸ்கியாதோஸ் என்ற சின்னத் தீவின் வடகரையில் இருக்கிற கூழாங்கல் கடற்கரை. (அந்தத் தீவின் விமான நிலையத்துக்கு அங்கேயே பிறந்த பாபதியாமாந்திஸ் என்ற எழுத்தாளரின் பெயர். அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.) கடற்கரைக்குச் சாலை கிடையாது. பின்னால் செங்குத்தான வெளுத்த பாறைச்சுவர், முன்னால் ஏஜியன் கடல், பழைய துறைமுகத்திலிருந்து படகில் போனால்தான் உண்டு. அதுவும் காற்று மனசு வைக்க வேண்டும். கோடையில் வடக்கிலிருந்து மெல்டெமி என்று ஒரு காற்று அடிக்கும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது, ஆனால் கடல் கொந்தளிக்கும். வடக்கு பார்த்த கரை என்பதால் அடி முழுக்க லலாரியாவுக்குத்தான். முதல் நாள் படகில் ஏறி உட்கார்ந்த பிறகு "இன்னைக்கு அங்க நிறுத்த முடியாது" என்றார்கள். வெயில் பளீரென்று அடிக்கும்போது என்ன சாக்கு இது என்று மனைவியிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். தீவைச் சுற்றி வடக்குப் பக்கம் திரும்பியதும் படகு ஆடிய ஆட்டத்தில் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் இறங்க முடிந்தது.

இறங்கியதும் முதலில் தெரிவது அழகு இல்லை, பாதம். சுட்டது, வலித்தது, பத்து அடி நடப்பதற்குள் கையை விரித்துக்கொண்டு கழைக்கூத்தாடி மாதிரி ஆகிவிட்டேன். நிழல் இல்லை, கடை இல்லை, குடை இல்லை. சரி, போஸ்டரில் பார்த்தது எங்கே என்று நிமிர்ந்தால், கரையின் ஓரத்தில் பாறையில் கடல் குடைந்து வைத்த பெரிய வளைவு, த்ரிப்யா பெத்ரா என்று பெயர், அதன் அடியில் நீந்திப் போகிறார்கள். தண்ணீரின் நிறத்தைக் கேட்காதீர்கள், என் போன் தோற்றுப்போனது. அடியில் கிடப்பது வெள்ளைக் கல், கலங்குவதற்கு மண் இல்லை, அதனால்தான் அப்படி ஒரு நீலம். ஆனால் நாலு எட்டில் ஆழம் வந்துவிடும், நீச்சல் தெரியாதவர்கள் ஓரத்திலேயே இருப்பது நல்லது.

எனக்கு அங்கே மறக்காதது சத்தம்தான். அலை வரும்போது மற்ற கடல் மாதிரிதான். திரும்பும்போது ஆயிரக்கணக்கான கற்களை உருட்டிக்கொண்டு போகும், சலசலவென்று. கூழாங்கல்லைப் பரல் என்றும் சொல்வோம், சிலம்புக்குள் போடுவதும் பரல்தான். எப்படி ஒரே சொல் என்று அன்றைக்குக் காதால் புரிந்தது.

இப்போது கல் விஷயம். எனக்கும் கை நீண்டது, பொய் சொல்ல மாட்டேன். புறா முட்டை மாதிரி ஒன்று, வழவழவென்று, உள்ளங்கையில் வைத்தால் கீழே போட மனசு வரவில்லை. ஆனால் எடுத்தால் அபராதம்; 400 யூரோவிலிருந்து 1,000 யூரோ வரை என்று 2018இலேயே செய்திகளில் வந்தது. கிரீஸிலேயே கியோஸ் என்ற இன்னொரு தீவில் மாவ்ரா வோலியா என்று கறுப்பு எரிமலைக் கூழாங்கல் கடற்கரை இருக்கிறது, அங்கேயும் எடுக்கக் கூடாது. "ஒரு கல்லுக்கு இவ்வளவா, சுற்றுலாப் பயணியிடம் பிடுங்குகிறார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு நூறு பேர், ஆளுக்கு இரண்டு கல் என்று வைத்துக்கொண்டாலே மூன்று மாதத்தில் 18,000 கல். மலையிலிருந்து உடைந்து விழுந்து, அலையில் புரண்டு புரண்டு, அந்த வழவழப்பு வருவதற்கு எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்? நாம் நாற்பது நிமிடம் நிற்க வந்தவர்கள். அப்புறம், அழகுக்கு மட்டும் அந்தக் கற்கள் கிடக்கவில்லை. மோதுகிற அலையின் வேகத்தை வாங்கிக்கொள்வதும் அவைதான். அதை அள்ளிக்கொண்டு போனால் அடுத்த அடி நேராகப் பாறைக்கு. அபராதம் குறைவு என்றுதான் நான் சொல்வேன்.

எடுத்து வந்தாலும் என்ன ஆகும் என்று நம் வீட்டு ஷோகேஸுக்குத் தெரியும். ஏற்கெனவே மூன்று ஊர்ச் சங்கு அங்கே தூசி பிடித்துக் கிடக்கிறது, எது எந்த ஊர் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

சாலை போட்டால் எல்லோரும் போகலாமே என்றும் ஒருவர் கேட்டார். வேண்டாம் சாமி. படகு மட்டும்தான், காற்று அடித்தால் அதுவும் இல்லை என்பதால்தான் இன்னும் அங்கே ஒரு பஜ்ஜிக்கடை வரவில்லை.

போகிறவர்களுக்கு: ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு கட்டாயம், குடிதண்ணீர் கையோடு. கடைசி நாளுக்கு இதை வைக்காதீர்கள், தீவில் இறங்கியதுமே துறைமுகத்தில் காற்று எப்படி என்று கேட்டுவிடுங்கள்.