தடித்த ஜாக்கெட் குழந்தையைக் காக்குமா?

“தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையைக் காரில் பொருத்தும் குழந்தை இருக்கையில் கட்டுங்கள், மோதினால் பஞ்சு தாங்கிக்கொள்ளும்” என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

மோதலின் வேகத்தில் பஞ்சு அமுங்கிவிடும். இறுக்கமாகத் தெரிந்த பட்டை அந்த நொடியில் தளர்ந்து, குழந்தை நழுவி வெளியே வீசப்படலாம். வீட்டிலேயே சோதிக்கலாம்: ஜாக்கெட்டோடு பட்டையை இறுக்குங்கள். நீளத்தை மாற்றாமல் கழற்றி, ஜாக்கெட்டை அகற்றி மீண்டும் மாட்டுங்கள். தோளருகே பட்டையை விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடிந்தால், அவ்வளவும் ஆபத்தான தளர்வு. இருக்கையின் கையேட்டிலும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் இணையதளத்திலும் இதைச் சரிபார்க்கலாம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் குளிர் மிதம்தான்; ஜோகன்னஸ்பர்க்கில் ஜூலை விடியற்காலையில் உறைபனியே விழும். ஜாக்கெட்டைக் கழற்றப் பாட்டிமார்களுக்கு மனம் கேட்காது, நியாயமே. மெல்லிய உடைகளை அடுக்கி அணிவித்து, பட்டையை இறுக்கிய பிறகு மேலே போர்வையைப் போர்த்துங்கள்; முகத்தை மூடாதீர்கள். காரை முன்பே சூடாக்குவதானால் மூடிய கராஜுக்குள் வேண்டாம், புகை நஞ்சு.

மடியில் வைத்துக்கொள்வதும் தீர்வல்ல. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் குழந்தை இருக்கையைத் தென்னாப்பிரிக்கச் சாலை விதிகள் 2015 முதல் கட்டாயமாக்கியுள்ளன.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.