கேரம் போர்டை ஈரத்துணியால் துடைத்தவர்களுக்கு

‘கேம் ரூம் உண்டு’ என்று பளபளவென்று போட்டோ போட்டுவிட்டு, உள்ளே போனால் ஆடவே முடியாத நாலு சாமானை நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அந்த வில்லாக்காரர்கள் அத்தனை பேர் மேலும் எனக்கு வயிறு எரிகிறது. ஏலகிரியிலிருந்து நேற்று ராத்திரிதான் வியாசர்பாடி வந்து சேர்ந்தோம். துணிப் பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. நாலு நாள் போனால் நானும் “சரி, போகட்டும்” என்று விட்டுவிடுவேன். விடக்கூடாது என்றுதான் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் மொத்தம் 14 பேர். என் வீடு, தம்பி வீடு, நாத்தனார் வீடு. நைனாவுக்கு 73 வயசு, கடைக்குட்டிக்கு 6. நடுவில் பிளஸ் டூ முடித்த இரண்டு பிள்ளைகள், போனை விட்டுத் தலை நிமிராத வயசு. இத்தனை பேரையும் ஒரே வேனில் ஏற்றி, 14 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்று குடும்பத்தோடு போய்வந்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் தங்கிய வில்லாக்காரருக்கு அங்கே இரண்டு வீடு. ஒன்று தோட்டத்தோடு, ஒரு ராத்திரிக்கு 13,000. இன்னொன்று சுவரெல்லாம் மரப்பலகை அடித்த ‘கேபின்’, கேம் ரூமோடு 18,000. இரண்டு ராத்திரிக்குக் கணக்குப் போட்டால் பத்தாயிரம் ரூபாய் அதிகம். நான்தான் பிடிவாதமாக இரண்டாவதைப் பிடித்தேன். தோட்டம் போதும் என்று தம்பி மனைவி சொன்னாள். கேட்கவில்லை. அந்தப் பத்தாயிரத்தை நான் மரப்பலகைக்குக் கொடுக்கவில்லை, அந்த ஒரு ரூமுக்குக் கொடுத்தேன்.

ஏன் அந்த ரூமுக்கு இவ்வளவு ஆசை என்று கேட்பீர்கள். பகலில் மலையில் பிரச்சினையே இல்லை. புங்கனூர் ஏரியில் படகு, மிளகாய் பஜ்ஜி, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் என்று பொழுது ஓடிவிடும். ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது? இருட்டிவிடும், குளிர் இறங்கிவிடும், வெளியே போக இடம் கிடையாது. அப்போதுதான் ஆளுக்கொரு கட்டிலில் ஆளுக்கொரு போன் என்று குடும்பம் பதினாலாகப் பிரியும். அதற்கு வியாசர்பாடியிலேயே இருந்திருக்கலாமே. நடுவில் ஒரு போர்டைப் போட்டுப் பாருங்கள். ஆடுகிறவர்கள் நாலு பேர்தான். மிச்சம் பத்துப் பேரும் சுற்றி நின்றுகொண்டு “அதை அடி, இதை அடி” என்று கத்துவார்கள். ஆறு வயசுக் குழந்தை பவுடர் போடும் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் ஒரே ஜோடியில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால், அடுத்த காய் எது என்பதற்காகவாவது பேசித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சண்டை தீர்ந்தே இருக்கிறது.

என் சித்தி மகன் அமெரிக்காவில் இருக்கிறான். டென்னசி மாநிலத்தில் ஸ்மோக்கி மலையை ஒட்டி கேட்லின்பர்க், பிஜன் ஃபோர்ஜ் என்று ஊர்கள். அந்தப் பக்கம் மரக் கேபின்களை வாடகைக்கு விடுவதே பெரிய தொழில். போன வருஷம் அவன் அங்கிருந்து வீடியோ காலில் சுற்றிக் காட்டினான். பூல் மேசை, ஏர் ஹாக்கி, காசு போடாமலே ஆடலாம் என்று வைத்திருந்த வீடியோ கேம் பெட்டி. அவனும் அவன் மாமனாரும் ராத்திரி ஒரு மணி வரை பூல் ஆடியிருக்கிறார்கள். கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று அவன் மனைவி சொன்னாள். நம் ஊர் ஆட்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மரப்பலகை, மஞ்சள் விளக்கு, சுவரில் எரியும் நியான் எழுத்து வரைக்கும் அப்படியே இறக்கியிருக்கிறார்கள். சுவரைப் பார்த்துக் காப்பி அடிக்கத் தெரிகிறது, ஆடுகிற சாமானை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதா?

அதுவும் யாரிடம் இந்த வேலையைக் காட்டுகிறீர்கள்? நாங்கள் வட சென்னைக்காரர்கள். எங்கள் பக்கம் கேரம் என்றால் மழைக்கு ஒதுங்கும்போது பொழுதுபோக்குக்கு ஆடுவதல்ல. சந்து முனையில் ஒரு தகரக் கொட்டகை, நடுவில் ஸ்டாண்டு மேல் போர்டு, அதற்கு மேல் தொப்பி மாட்டிய ஒரு பல்பு. அங்கே நின்று ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2008இல் பிரான்ஸின் கான் நகரத்தில் உலக சாம்பியன் பட்டம் வாங்கிய இளவழகி இதே வியாசர்பாடி. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, வட சென்னை செரியன் நகர்க்காரர், ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். 1991இலும் 1995இலும் உலக சாம்பியனான மரிய இருதயம், கேரத்துக்கு முதன்முதலாக அர்ஜுனா விருது வாங்கிவந்தவர், அவரும் நம் சென்னைதான். சர்வதேச கேரம் சம்மேளனமே 1988இல் இந்தச் சென்னையில்தான் தொடங்கியது. இதையெல்லாம் வில்லாக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் போட்டோவைப் பார்த்துக் காசு கட்டுகிறவர்களில் கேரத்தைக் கேரமாகப் பார்க்கிறவர்களும் இருப்பார்கள் என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் நைனா பி அண்டு சி துணி மில்லில் வேலை பார்த்தவர். ஷிப்டு முடிந்தால் நேரே கொட்டகைதான். 1996இல் மில்லை மூடியபோது வீட்டில் சோறு குறைந்தது, ஆனால் ஆட்டத்தை அவர் விடவில்லை. இப்போது முட்டி வலி, கொட்டகைக்கு நடக்க முடிவதில்லை. வீட்டில் போர்டு இருக்கிறது, பீரோவுக்குப் பின்னால். அதை விரித்தால் ஹாலில் ஒருவரும் நடக்க முடியாது. அதனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வெளியே வரும். இந்த வீட்டுப் போட்டோவை நான் காட்டியபோது போனை வாங்கி இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். ஊருக்குக் கிளம்பிய அன்றைக்குச் சட்டைப்பையில் ஏதோ துருத்திக்கொண்டு இருந்தது. கர்ச்சீப்பில் சுற்றிய ஸ்ட்ரைக்கர். முப்பது வருஷத்து ஸ்ட்ரைக்கர், ஓரமெல்லாம் பழுப்பேறியது. வேனில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து பேரனிடம் “ரெட்டு போட்டா ஃபாலோ போடணும்டா, இல்லாட்டி ரெட்டு திரும்ப மேலே வந்துரும்” என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தார். சிவப்புக் காயைக் குழியில் போட்ட கையோடு நம் காய் ஒன்றையும் போடுவதுதான் ஃபாலோ.

போய்ச் சேர்ந்து பையைக்கூட வைக்கவில்லை, நேரே கேம் ரூம். சுவரில் ஊதா நிறத்தில் நியான் எழுத்து எரிந்தது. கேரம் போர்டு ஜன்னல் ஓரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த ஜன்னலில் ஒரு கதவு சரியாக மூடாது. எத்தனை மழைக்காலச் சாரலை அந்தப் போர்டு குடித்ததோ தெரியாது, அடிப்பக்கம் பிளைவுட் உப்பி, ஒரு மூலை வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. தம்பி எடுத்து ஸ்டாண்டில் வைத்தான். நைனா விரல் நுனியால் தடவிப் பார்த்தார். மேலே சுண்ணாம்பு பூசின மாதிரி வரி வரியாக ஏதோ ஒட்டியிருந்தது. என்ன இது என்று அந்த வில்லாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைக் கேட்டேன். “நல்லா கழுவித் துடைச்சுதாம்மா வெச்சேன்” என்றார். பவுடர் இருந்த போர்டை ஈரத்துணி போட்டுத் துடைத்திருக்கிறார். பவுடர் குழைந்து, காய்ந்து, பொருக்காகப் பிடித்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வீடு பெருக்கித் துடைக்க வைத்த மனுஷன். கேரம் போர்டில் தண்ணீரே படக்கூடாது, காய்ந்த துணியால் துடைத்து மேலே ஒரு துணி போட்டு மூடினால் போதும் என்று அவருக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் செய்திருப்பார். சொல்ல வேண்டியவருக்கே அக்கறை இல்லை.

காய் எண்ணினோம். 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு ரெட், மொத்தம் 19 இருக்க வேண்டும். இருந்தது 14. ரெட் இல்லை. கறுப்பில் இரண்டு வேறே செட், கொஞ்சம் பெரிசு. “பரவால்ல, சும்மா அடிச்சுப் பாப்போம்” என்று நைனா கர்ச்சீப்பைப் பிரித்தார். ஒரு வெள்ளையை நடுவில் வைத்தார். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, கண்ணை இடுக்கி, அடித்தார். ஒரு காய் ஐந்து, ஐந்தரை கிராம்தான். பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கர் தட்டினால் அது நூல் பிடித்த மாதிரி ஓட வேண்டும், அதற்குப் போர்டு துளிக்கூட வளையாமல் மட்டமாக இருக்க வேண்டும். அந்தக் காய் பாதி தூரம் நேராகப் போய், அப்புறம் இடது பக்கம் வளைந்து, பள்ளத்தில் போய் நின்றுவிட்டது. இன்னொரு தடவை அடித்தார். அதே இடத்தில் நின்றது. பிள்ளைகள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஸ்ட்ரைக்கரை எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி கர்ச்சீப்பில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். “வேணாம்மா, வுடு. போர்டு செத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் ‘ஒரு கேரம் போர்டுக்கா இவ்வளவு?’ என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற சாமான்களும் லட்சணம்தான். கம்பியைச் சுழற்றிப் பொம்மைகளால் பந்தை உதைக்கிற ஃபூஸ்பால் மேசையில் எட்டுக் கம்பியில் மூன்று நகரவே நகராது. பூல் மேசையில், கோலால் அடிக்க வேண்டிய வெள்ளைப் பந்தே இல்லை. “மஞ்சளை வெச்சு அடிங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் ஆடுவாங்க” என்கிறார் அண்ணன். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி இடம். கோலின் நீளமே ஐந்தடி கிட்டத்தட்ட வரும். அந்தப் பக்கம் நின்று அடிக்க வேண்டும் என்றால் கோலைச் செங்குத்தாகத்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும், பையன் அப்படி அடித்துத் துணியைக் கிழித்துவிடுவானோ என்று நான் பயந்து செத்தேன். பூல் மாதிரியே மேசையில் கோலால் ஆடுகிற ஸ்னூக்கர் என்ற ஆட்டத்துக்கு 1880களில் விதி எழுதி மாட்டியதே நம் ஊட்டி கிளப்பில்தான். அந்த ஆட்டத்துக்கு விதி கொடுத்த மலை இருக்கிற மாநிலத்தில், மேசையைச் சுற்றி மனுஷன் நடக்க இடம் வேண்டும் என்று தெரியாமல் போய்விட்டதா?

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். “மேடம், வர்றவங்க அந்த ரூம்ல போட்டோ எடுப்பாங்க, ரீல்ஸ் எடுப்பாங்க. உக்காந்து ஆடுறவங்க ரொம்பக் கம்மி. நீங்கதான் முதல்ல கேக்குறீங்க” என்றார். ஆடுவதற்கு ஒழுங்காக ஒரு சாமான் இருந்தால்தானே ஆடுவார்கள்! காய் இல்லாத போர்டு முன்னால் நின்று போட்டோ எடுக்காமல் வேறு என்ன செய்வார்கள்? நல்ல போர்டு வேறு எங்கேயாவது கிடைக்குமா, நாளைக்காவது வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை. நாங்கள் அதிகமாகக் கொடுத்த பத்தாயிரத்தில் ஸ்டாண்டோடு நல்ல போர்டே வாங்கிப் போட்டிருக்கலாம், அடுத்தடுத்து வருகிறவர்களுக்கும் ஆகியிருக்கும்.

எல்லா இடமும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நாலு வருஷம் முன்னால் ஏற்காட்டில் ஒரு சின்ன வீட்டில் தங்கினோம். கேம் ரூம் என்று ஒரு வார்த்தை எங்கேயும் போடவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பழைய போர்டு, ஓரமெல்லாம் கை பட்டு வழவழப்பு. பழைய வேட்டி ஒன்றால் மூடி, மேலே காய் டப்பா, பக்கத்தில் பவுடர் புட்டி. 19 காயும் இருந்தது. அந்த வீட்டு அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஆடி முடிச்சா மூடிடுங்கம்மா.” அன்றைக்கு ராத்திரி எங்கள் அத்தையும் என் பையனும் ஒரு ஜோடி. கடைசி ஆட்டத்தில் அத்தை ரெட்டைப் போட்டு, அடுத்த காயில் ஃபாலோவும் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். என் பையன் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அத்தை இப்போது இல்லை. கேம் ரூம் என்று படித்ததும் பத்தாயிரத்தை எடுத்துக் கொடுத்தேனே, அது அந்த ராத்திரியை நினைத்துக் கொடுத்த காசு.

ஏலகிரியில் இரண்டு ராத்திரியும் பிள்ளைகள் போனோடு படுத்தார்கள். பெரியவர்கள் டிவி பார்த்தோம். நைனா வராந்தாவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது அட்வான்ஸில் 500 ரூபாய் பிடித்தார்கள். எதற்கு என்று கேட்டால், கேம் ரூம் தரையில் பவுடர் கொட்டியிருக்கிறதாம், துடைக்கும் செலவாம். அந்தப் பவுடர் நாங்கள் மூலக்கொத்தளத்திலிருந்து வாங்கிக்கொண்டு போன பவுடர், இரண்டு அடி அடிக்கத் தூவியது. ஆட வேண்டிய போர்டைத் தண்ணீரில் நனைத்துக் கெடுத்தவருக்குத் தரையில் விழுந்த ஒரு கைப்பிடிப் பவுடர் கண்ணில் பட்டிருக்கிறது.

இன்று காலை பத்து மணிக்கு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பத்தாயிரமும் அந்த ஐந்நூறும், மொத்தம் 10,500 திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். 14 காய் எண்ணி வைத்த போட்டோ, உப்பின மூலை, மூடாத ஜன்னல், எல்லாம் என் போனில் இருக்கிறது. நாளைக்கும் பத்து மணிக்குப் போடுவேன். நாளன்றைக்கும் போடுவேன்.