ரெஜிஸ்டர் தவறிய மர்லின்

திருப்பூரில் ஆறு வருஷம் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் நின்றவன் நான். அதனாலோ என்னவோ, அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் பற்றி யாராவது "சூப் டப்பாவை வரைந்து ஊரை ஏமாற்றிய ஆள்தானே" என்றால் சுருக்கென்று இருக்கும். போன வாரம் நண்பர் ஒருவர் அப்படித்தான் எழுதியிருந்தார். கமென்டில் பதில் போட ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, சரி என்று இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதலில் அந்த டப்பா. 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபெரஸ் கேலரியில் வைத்தவை 32 ஓவியங்கள். ஒவ்வொன்றும் 20க்கு 16 அங்குலம். கேம்ப்பெல் கம்பெனி அப்போது விற்ற சூப்பில் வகைக்கு ஒன்று. மளிகைக்கடையில் அடுக்குகிற மாதிரி சுவரோரமாக ஒரு பலகைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். பக்கத்து கேலரிக்காரர் நிஜ சூப் டப்பாக்களையே வாங்கி ஜன்னலில் அடுக்கி, இங்கே இதைவிட மலிவு என்று கிண்டல் செய்தார். ஓவியத்தின் விலை 100 டாலர். நாலைந்து பேர் வாங்கச் சம்மதித்திருந்தார்கள். கேலரி நடத்திய இர்விங் பிளம்முக்கு இவை பிரியக்கூடாது என்று தோன்றியது. அவர்களிடம் பேசித் திருப்பி வாங்கி, மொத்தத்தையும் 1,000 டாலருக்கு, மாதம் நூறாகத் தவணையில் தானே எடுத்துக்கொண்டார். 1996ல் அவை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போனபோது மதிப்பு சுமார் ஒன்றரைக் கோடி டாலர்.

பலருக்குத் தெரியாத சங்கதி, அந்த 32ம் அச்சடித்தவை இல்லை. கையால் வரைந்தவை. டப்பாவின் அடியில் வளைந்து வரும் பூ முத்திரைகளை மட்டும் ஸ்டாம்ப் மாதிரி குத்தியிருக்கிறார். மெஷின் போட்டதுபோலத் தெரியவேண்டும் என்று உட்கார்ந்து கையால் வரைந்திருக்கிறார் மனுஷன். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்த சைன்போர்டு பெயின்டர்கள் எல்லாரும் வாழ்நாள் முழுக்க செய்தது இதைத்தானே.

தகர டப்பா அவர் வீட்டுப் பொருளும்கூட. 1928ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். அப்பா, அம்மா இரண்டு பேரும் இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் மிகோவா என்ற கிராமத்திலிருந்து பிழைக்க வந்த ருசின் இனத்தவர். 1942ல் அப்பா இறந்துபோனார். அம்மா ஜூலியா வீட்டு வேலைக்குப் போவார், காலி டப்பாக்களை வெட்டிப் பூ செய்து வீடு வீடாக விற்பார். சின்ன வயதில் ஆண்டிக்கு ஒரு நரம்பு வியாதி வந்து கை கால் தானாக ஆட, மாதக்கணக்கில் படுக்கை. படுத்தபடியே சினிமா நட்சத்திரங்கள் படம் சேர்த்தார். வெளியே போவதென்றால் சர்ச். அவர்களுடையது பைசாந்திய கத்தோலிக்க சபை. அந்தக் கோயில்களில் பீடத்துக்கு முன்னால் புனிதர்களின் படங்கள் தங்கப் பின்னணியில் வரிசை வரிசையாக ஒரு சுவர் மாதிரி நிற்கும். பிற்காலத்தில் நடிகை மர்லின் மன்றோவைத் தங்க நிறத்தில் போட்டதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவார்கள். போடலாம், தப்பில்லை.

1949ல் நியூயார்க் வந்து விளம்பரப் படம் போட்டார். அதிகமும் லேடீஸ் ஷூ. தாளில் மையால் கோடு போட்டு, காய்வதற்குள் இன்னொரு தாளில் ஒற்றி எடுப்பார். கோடு அங்கங்கே விட்டு விட்டு, கொஞ்சம் திட்டுத் திட்டாக விழும். அந்த ஒற்றிய தாளைத்தான் கம்பெனிக்குக் கொடுப்பார். பிற்பாடு வந்த எல்லாமே இதில் இருக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் வேலையில் ரெஜிஸ்டர் என்று ஒரு வார்த்தை உண்டு. ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை, அதன் வழியாகத்தான் மை துணியில் இறங்கும். ஒரு படத்துக்கு நாலு கலர் என்றால் நாலு ஸ்கிரீன், நாலும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்காரவேண்டும். ஒரு ராத்திரி ஷிப்டில் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்குக் கிளி போட்டுக்கொண்டிருந்தோம். டேபிளில் ஸ்கிரீனை இடத்தில் நிறுத்தும் ஒரு ஸ்டாப்பர் லூசாகி, கிளியின் மூக்குச் சிவப்பு தள்ளித் தள்ளி விழுந்திருக்கிறது, நாங்கள் பார்க்கவே இல்லை. விடிகாலையில் சூப்பர்வைசர் வந்து ஒரு பீஸைத் தூக்கிப் பிடித்து, "ஏம்ப்பா, கிளிக்கு லிப்ஸ்டிக் போட்டு உட்டியா?" என்றார். முந்நூறு சொச்சம் பீஸ் செகண்ட்ஸில், அதாவது பழுதான சரக்கில் போனது. அந்த வாரக் கூலியில் பிடித்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, 1962 ஆகஸ்டில் மர்லின் இறந்த பிறகு வார்ஹோல் இதே ஸ்கிரீன் முறையில் போட்ட இரட்டைப் பலகைப் படத்தைப் பாருங்கள். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் பார்த்தது போனில், விரலால் பெரிதாக்கி. ஐம்பது முகம், எல்லாம் ஒரே விளம்பரப் போட்டோ. இடதுபக்கம் இருபத்தைந்து கலரில். மஞ்சள் முடி, நீல இமை, சிவப்பு உதடு, எதுவுமே ரெஜிஸ்டரில் இல்லை, உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டிப் போகிறது. வலதுபக்கம் வெறும் கறுப்பு மையில் இருபத்தைந்து. அதில் ஒரு வரிசையில் மை கூடிப்போய் முகமே அப்பிக்கிடக்கிறது, ஓரத்துக்குப் போகப் போக வெளிறி, கடைசியில் ஆள் இருந்த தடம் மட்டும். மையை இழுக்கும் ரப்பர் கட்டையை, ஸ்குவீஜியை, பிடித்தவனுக்கு இது என்னவென்று உடனே தெரியும். மை அதிகம் விட்டு இழுத்தால் அப்பும், மெஷ் என்கிற அந்த வலையில் மை காய்ந்து அடைத்துக்கொண்டால் அடுத்த பீஸ் வெளிறும். பினாயில் மாதிரி நெடி அடிக்கும் தின்னரை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் நாங்கள் மேலே போவோம். அவர் துடைக்கவில்லை. எங்களுக்குக் கூலி பிடித்த தப்பை அப்படியே விட்டுவிட்டார், அந்தத் தப்பில் ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகிறாள். யாராலும் செய்யமுடியும் என்பீர்கள். செய்யமுடியும்தான், ஆனால் விடுவதற்குத் தைரியம் வேண்டும், நாங்கள் விடமாட்டோம்.

எடுத்த சினிமாக்கள், நடத்திய பத்திரிகை, பார்ட்டிகள் பற்றியெல்லாம் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எட்டு மணி நேரம் ஒரே இடத்திலிருந்து காட்டும் படத்தை உட்கார்ந்து பார்க்கிறவர்களை வணங்குகிறேன். 1968ல் வேலரி சொலனாஸ் என்ற பெண் சுட்டதில் செத்துப் பிழைத்தார், அதற்கப்புறம் ஆயுசுக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டோடுதான் நடமாட்டம். ஆஸ்பத்திரி என்றாலே பயந்த மனிதர், 1987ல் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார். 58 வயது.

எனக்கு அவர்மேல் கோபமும் உண்டு, அது வேறு இடத்தில். எல்லாவற்றிலும் வேறு யாரோ ஒருவர் கை இருக்கிறது, பெயர் இல்லை. தன் பட்டறைக்கு ஃபேக்டரி என்றே பெயர் வைத்த ஆள். அங்கே ஸ்கிரீன் இழுக்க வந்த இளைஞனுக்கு மணிக்கு ஒன்றேகால் டாலர் கூலி. 1964ல் பிரில்லோ சோப்பு அட்டைப்பெட்டியை மரத்தில் செய்து அதன்மேல் அச்சடித்துக் காட்சிக்கு வைத்தார், அது உலகப்புகழ் ஆனது. அசல் அட்டைப்பெட்டியை டிசைன் செய்த ஜேம்ஸ் ஹார்வியும் ஓர் ஓவியர்தான், வயிற்றுப்பாட்டுக்காக கம்பெனி வேலை பார்த்தவர். அந்தக் காட்சிக்குள் நுழைந்து தன் பெட்டியையே பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அம்மாவும் விலக்கில்லை. ஜூலியாவின் சுழித்த கையெழுத்து அழகென்று தன் படங்களில் அவரையே எழுத வைப்பார், 'ஆண்டி வார்ஹோல்' என்ற கையெழுத்தையும் பல படங்களில் அம்மாதான் போட்டார். ஒரு இசைத்தட்டு உறையில் அம்மா எழுதிய எழுத்துக்குப் பரிசு கிடைத்தது, அது வந்ததும் "ஆண்டி வார்ஹோலின் அம்மா" என்ற பெயரில்தான்.

கடைசியில் ஒருவர் கேட்டேவிட்டார். லின் கோல்ட்ஸ்மித் 1981ல் எடுத்த பாடகர் பிரின்ஸின் போட்டோ. 1984ல் ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்து, ஒரே ஒரு தடவை என்ற பேச்சில் வாங்கியது. வார்ஹோல் அதை வைத்து பதினாறு படம் போட்டுக்கொண்டார். 2016ல் பிரின்ஸ் இறந்ததும் அந்தப் பத்திரிகையின் கம்பெனி அதில் ஒன்றை அட்டையில் போட, வார்ஹோல் அறக்கட்டளைக்குச் சுமார் பத்தாயிரம் டாலர் வந்தது, கோல்ட்ஸ்மித்துக்கு ஒன்றுமில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023ல் ஏழுக்கு இரண்டு என்று கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்பு. படித்ததும் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் பட்டறை ஞாபகம் வந்தது. பட ரிலீஸ் சமயத்தில் மன்றத்துப் பையன்கள் போனில் எதையாவது டவுன்லோட் செய்து கொண்டுவருவார்கள், "அண்ணா, நாளைக்குக் காலையில முதல் ஷோவுக்கு வேணும்ணா" என்று. அதை ஃபிலிமில் பாசிட்டிவ் எடுத்து, ஸ்கிரீன் போட்டு, விடிய விடிய ஐந்நூறு அடிப்போம். அந்தப் போட்டோவை எடுத்தது யார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.