மோர்க் குழம்பு கொதித்த பிறகு

அக்கா, நீங்கள் பகிர்ந்த இந்தச் செய்தி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குடும்பக் குழுவிலும் காலையிலிருந்து சுற்றுகிறது. மோர்க் குழம்பு எவ்வளவு கொதித்தாலும் தயிரில் உள்ள நல்ல பாக்டீரியா சாகாது, அதனால் அதுவும் புரோபயாட்டிக் உணவுதான் என்கிறது.

அப்படி இல்லை, அக்கா. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001இல் சொன்ன விளக்கப்படி, போதுமான அளவு உயிரோடு உள்ளே போய் உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்தான் புரோபயாட்டிக். தயிரை உறைய வைக்கும் பாக்டீரியா 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் நன்றாகப் பெருகும். கொதிக்கும் சூட்டில் பிழைக்காது.

என் பேச்சை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். கொஞ்சம் தயிரைக் கடைந்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடி ஆற விடுங்கள். காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலை இரண்டு சுத்தமான டம்ளரில் ஊற்றி, ஒன்றில் பச்சை மோர் ஒரு கரண்டி, இன்னொன்றில் கொதித்த மோர் ஒரு கரண்டி. கரண்டி வேறு வேறாக இருக்கட்டும், இதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். கோலாலம்பூர் வெக்கைக்கு ஆறு மணி நேரத்தில் முதல் டம்ளர் உறைந்திருக்கும். இரண்டாவது பாலாகவே நிற்கும். அப்போதே பார்த்துவிடுங்கள், ராத்திரி முழுக்க விட்டால் வேறு கிருமி புகுந்து அதுவும் திரிந்துவிடலாம்.

குழம்பை நிறுத்தச் சொல்லவில்லை, புரதமும் கால்சியமும் அதில் இருக்கத்தான் செய்கின்றன. எங்கள் வீட்டில் நேற்றும் வெண்டைக்காய் போட்டு அதுதான்.